ஒரு லிங்க்கை எந்தப் பக்கமிருந்து படிக்கணும்? ஜாவா சொல்லித் தரும் யூஆர்எல் பாடம்

'உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது. இன்று மாலைக்குள் கீழே உள்ள லிங்க்கில் அப்டேட் செய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும்.'

இப்படி ஒரு எஸ்எம்எஸ் உங்களுக்கும் வந்திருக்கலாம். லிங்க்கைப் பார்த்தால் அதில் வங்கியின் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கும். முன்னாடி 'எச்டிடிபிஎஸ்' கூட இருக்கும். ஆனால், தட்டினால் போய் நிற்கும் இடம் வங்கி அல்ல. வங்கியின் பெயர் முழுசா இருந்தும் வேற இடத்துக்கு எப்படிப் போகுது?

விடை ரொம்ப எளிது. நம் கண் அந்த முகவரியை ஒரு வரி எழுத்தாகப் படிக்கிறது. போனில் உள்ள பிரவுசரோ அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை கொடுக்கிறது. இந்த இரண்டு வாசிப்புக்கும் இடையில் உள்ள இடைவெளியில்தான் மோசடிக்காரர் கடை போடுகிறார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்று இருக்கிறது. நாம் மட்டும் ஏமாறுவதில்லை. ஆப் எழுதும் டெவலப்பர்களும் இதே இடத்தில் சறுக்குகிறார்கள். முகவரியை வெறும் எழுத்துச் சரமாக நினைத்து எழுதிய கோட், நம்மைப் போலவே தவறாகப் படிக்கும். இதைச் சரிசெய்யத்தான் ஜாவா போன்ற ஆப்ஜெக்ட் ஓரியன்டட் மொழிகள், இணைய முகவரிக்கென்றே தனி கிளாஸ் வைத்திருக்கின்றன. அந்த கிளாஸ் எப்படி வேலை செய்கிறது, எங்கே அதுவே சொதப்பியது, அதிலிருந்து நமக்கு என்ன பாடம்? பார்க்கலாம்.

முகவரிக்குள் என்னென்ன இருக்கிறது?

உதாரணத்துக்கு ஒரு முகவரி வேண்டும். நிஜமாகவே ஒன்று இருந்தது. 2007 அக்டோபரில், ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் இணையப் பெயர்கள் வேலை செய்யுமா என்று சோதிக்க, ஐகேன் அமைப்பு 11 சோதனைப் பெயர்களை இணையத்தின் மூலப் பட்டியலில் சேர்த்தது. அதில் தமிழும் ஒன்று. அந்த முகவரி: உதாரணம்.பரிட்சை. சோதனை முடிந்து இப்போது அது இல்லை. நமக்கு வசதியாக அதையே எடுத்துக்கொள்வோம்.

எச்டிடிபிஎஸ்://உதாரணம்.பரிட்சை:8443/செய்தி/சென்னை?பக்கம்=2#கருத்து

இதைப் பிரித்தால் இப்படி வரும்:

• எச்டிடிபிஎஸ்: இது ஸ்கீம். எந்த முறையில் பேச வேண்டும் என்று சொல்கிறது.

• உதாரணம்.பரிட்சை: இது ஹோஸ்ட். யாரிடம் பேச வேண்டும் என்று சொல்கிறது. மொத்த முகவரியிலும் முக்கியமான துண்டு இதுதான்.

• 8443: போர்ட். அந்தக் கட்டடத்தில் எந்தக் கதவு என்பது மாதிரி. சொல்லாவிட்டால் எச்டிடிபிஎஸ்-க்கு 443, எச்டிடிபி-க்கு 80.

• /செய்தி/சென்னை: பாத். உள்ளே போன பிறகு எந்த அறை.

• பக்கம்=2: கொயரி. கேள்விக்குறிக்குப் பின்னால் வருவது. கூடுதல் விவரம்.

• கருத்து: ஃபிராக்மென்ட். # குறிக்குப் பின்னால் வருவது. இது சர்வருக்குப் போகவே போகாது. பக்கத்தில் எந்த இடத்துக்கு ஸ்க்ரோல் செய்ய வேண்டும் என்று பிரவுசர் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் குறிப்பு.

ஏழாவதாக ஒரு துண்டும் உண்டு. ஹோஸ்ட்டுக்கு முன்னால் @ குறி போட்டு, அதற்கும் முன்னால் பயனர் பெயர் எழுதலாம். இன்று சாதாரண இணையதளங்களில் இதற்குத் தேவை அநேகமாக இல்லை. ஆனால், விதியில் இருக்கிறது. பிரச்சினையே அதுதான்.

இந்த வடிவத்துக்கு அடித்தளம் போட்டவர் வேர்ல்ட் வைட் வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ. 1994 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 1738 என்ற ஆவணம் யூஆர்எல் விதிகளை எழுத்தில் வைத்தது. 2005 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 3986, இன்று வரை பொதுவான இலக்கணமாக இருக்கிறது.

நடுவில் திசை மாறும் முகவரி

நம் வீட்டு முகவரியை எப்படி எழுதுகிறோம்? கதவு எண், தெரு, ஊர், மாவட்டம், மாநிலம். சின்னதிலிருந்து பெரியதுக்குப் போகிறோம். தபால்காரர் கடைசியிலிருந்து படிப்பார்.

இணைய முகவரியில் ஹோஸ்ட் பகுதி இதே மாதிரிதான். வலது ஓரத்தில் இருப்பது பெரியது, இடது பக்கம் போகப் போகச் சின்னது. ஆனால், ஹோஸ்ட் முடிந்து பாத் ஆரம்பித்ததும் எல்லாம் தலைகீழ். அங்கே இடது பக்கம் பெரிய ஃபோல்டர், வலது பக்கம் சின்ன ஃபைல். அதாவது, ஒரே வரிக்குள் வாசிக்கும் திசை நடுவில் மாறுகிறது.

முகவரியின் எல்லாப் பகுதியும் பெரியதிலிருந்து சின்னதாக ஒரே திசையில் போகும்படி வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பெர்னர்ஸ் லீயே பின்னாளில் எழுதியிருக்கிறார். முன்னால் வரும் இரட்டைச் சாய்கோடும் தேவையில்லாமல் சேர்த்ததுதான் என்று 2009-ல் சொன்னார். என்ன செய்ய? அதற்குள் உலகமே பழகிவிட்டது.

இந்தத் திசை மாற்றத்தை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று பாருங்கள். உதாரணம்.பரிட்சை என்பது உங்கள் வங்கி, போலி.பரிட்சை என்பது மோசடிக்காரரின் சைட் என்று வைத்துக்கொள்வோம்.

1. எச்டிடிபிஎஸ்://உதாரணம்.பரிட்சை@போலி.பரிட்சை/கேஒய்சி

2. எச்டிடிபிஎஸ்://உதாரணம்.பரிட்சை.போலி.பரிட்சை/கேஒய்சி

3. எச்டிடிபிஎஸ்://போலி.பரிட்சை/உதாரணம்.பரிட்சை/கேஒய்சி

மூன்றிலும் வங்கியின் பெயர் பிசகில்லாமல் இருக்கிறது. மூன்றும் போய்ச் சேருவது மோசடிக்காரரிடம். முதலாவதில் வங்கியின் பெயர் வெறும் 'பயனர் பெயர்'. இரண்டாவதில் அது போலி சைட்டின் கிளைப்பெயர். மூன்றாவதில் ஒரு ஃபோல்டர் பெயர். ஹோஸ்ட் எது என்று தெரிந்தவருக்கு மூன்றுமே ஒரு நொடியில் அம்பலம்.

சரி, இதில் ஜாவா எங்கே வருகிறது?

முகவரியை ஒரு புரோகிராமில் வைத்துக்கொள்ள இரண்டு வழி உண்டு. ஒன்று, ஸ்ட்ரிங். அதாவது வெறும் எழுத்துச் சரம். இன்னொன்று, ஆப்ஜெக்ட். அதாவது, தன் துண்டுகளைத் தானே தெரிந்துவைத்திருக்கும் ஒரு பொருள்.

ஸ்ட்ரிங்காக வைத்திருந்தால், 'இந்த லிங்க் நம்ம சைட்டுக்குத்தான் போகுதா?' என்று பார்க்க டெவலப்பர் என்ன செய்வார்? 'எச்டிடிபிஎஸ்://உதாரணம்.பரிட்சை என்று ஆரம்பிக்கிறதா?' என்று ஒரு வரி எழுதுவார். மேலே உள்ள முதல் இரண்டு போலி முகவரிகளும் அந்தச் சோதனையில் பாஸ்! 'முகவரிக்குள் வங்கியின் பெயர் இருக்கிறதா?' என்று கேட்டால் மூன்றுமே பாஸ். 'ஹோஸ்ட் இந்தப் பெயரில் முடிகிறதா?' என்று கேட்டால் போலிஉதாரணம்.பரிட்சை என்று ஒரு புதுப் பெயரை வாங்கி வந்துவிடுவார்கள். நடுவில் புள்ளி இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லையே!

ஆப்ஜெக்ட்டாக வைத்திருந்தால் கேள்வியே வேறு. 'உன் ஹோஸ்ட் எது?' என்று அதனிடமே கேட்கலாம். வந்த பதிலை, நம்மிடம் உள்ள பெயருடன் முழுதாக ஒப்பிடலாம். அவ்ளோதான்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1996 ஜனவரியில் ஜாவாவின் முதல் பதிப்பை வெளியிட்டபோதே, யூஆர்எல் என்ற கிளாஸ் அதில் இருந்தது. இணையத்துக்காகவே விற்கப்பட்ட மொழி என்பதால் இது ஆச்சரியமில்லை. அந்த கிளாஸிடம் கெட்ஹோஸ்ட், கெட்போர்ட், கெட்பாத், கெட்கொயரி என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மெத்தட் உண்டு. ஒருமுறை உருவாக்கிய முகவரி ஆப்ஜெக்ட்டின் துண்டுகளை வெளியிலிருந்து யாரும் மாற்ற முடியாது. சோதித்த முகவரியும் பயன்படுத்தும் முகவரியும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு இது ஒரு காப்பு.

சின்னச் சின்ன நுணுக்கங்களும் இருக்கின்றன. முகவரியில் போர்ட் எழுதாதபோது கெட்போர்ட் மெத்தட் 443 என்று சொல்லாது, -1 என்று சொல்லும். 'எழுதப்படவில்லை' என்று அர்த்தம். வழக்கமான எண் வேண்டுமென்றால் கெட்டிஃபால்ட்போர்ட் என்று தனியாகக் கேட்க வேண்டும். எழுதியது வேறு, ஊகித்தது வேறு என்று ஜாவா பிரித்து வைத்திருக்கிறது.

ஒரே கட்டடத்தில் இருந்தால் ஒரே குடும்பமா?

இவ்வளவு நல்ல கிளாஸில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. இன்னமும் இருக்கிறது.

இரண்டு ஆப்ஜெக்ட்கள் ஒன்றா என்று கேட்க ஜாவாவில் ஈக்வல்ஸ் என்ற மெத்தட் உண்டு. இரண்டு யூஆர்எல் ஆப்ஜெக்ட்களை எடுத்து 'ரெண்டும் ஒண்ணா?' என்று கேட்டால், அது எழுத்துகளை மட்டும் ஒப்பிடுவதில்லை. இணையத்தைத் தொடர்புகொண்டு, இரண்டு ஹோஸ்ட்டின் ஐபி எண்ணையும் தேடி எடுக்கிறது. எண் ஒன்றாக இருந்தால், பெயர் வேறாக இருந்தாலும் ஹோஸ்ட் ஒன்றுதான் என்று முடிவு செய்கிறது.

இணையதளத்துக்கு ஆளுக்கொரு சர்வர் என்று இருந்த நாட்களில் இது ஓரளவு நியாயமாகத் தெரிந்திருக்கலாம். ஆனால், 1997-ல் எழுத்தில் வந்த எச்டிடிபி 1.1 விதிகள், 'எந்த ஹோஸ்ட் வேண்டும்' என்பதைக் கோரிக்கையிலேயே சொல்ல வேண்டும் என்று கட்டாயமாக்கின. அதனால், ஒரே ஐபி எண்ணில் நூற்றுக்கணக்கான சைட்டுகளைத் தாராளமாக வைக்க முடிந்தது. இன்று பெரும் கிளவுட் சேவைகளில் இதுதான் சர்வசாதாரணம்.

விளைவு? ஒரே அபார்ட்மென்ட்டில் இருக்கும் இரண்டு குடும்பங்களை, 'கட்டடம் ஒண்ணுதானே, அப்போ நீங்க ஒரே குடும்பம்' என்று சொல்வது மாதிரி ஆகிவிட்டது.

இதோடு முடியவில்லை. ஆயிரம் லிங்க்குகளைச் சேகரித்து, திரும்ப வந்ததை நீக்க ஒரு ஹேஷ்செட்டில் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு லிங்க்கையும் உள்ளே போடும்போது ஹேஷ்கோடு மெத்தட் ஓடும். அதுவும் ஐபி எண்ணைத் தேடிப் போகும். நொடியில் முடிய வேண்டிய வேலை, நெட் மெதுவாக இருந்தால் நின்று நின்று நகரும். நெட் இல்லாதபோது பெயரை மட்டும் வைத்து ஒப்பிடும் என்பதால், ஆன்லைனில் ஒரு விடையும் ஆஃப்லைனில் வேறு விடையும் வரலாம். ஒரே கோட், ஒரே டேட்டா, ரெண்டு பதில். டெஸ்டிங்கில் ஒழுங்காக ஓடியது, வாடிக்கையாளரிடம் போனதும் முறைக்கும். இந்த மாதிரி பிழையைக் கண்டுபிடிப்பது நரக வேலை.

இந்த ஒப்பீட்டு முறை இன்றைய இணையத்துக்குப் பொருந்தவில்லை என்று ஜாவாவின் சொந்த ஆவணமே ஒப்புக்கொள்கிறது. ஜாவா டெவலப்பர்கள் பலரும் படிக்கும் 'எஃபெக்டிவ் ஜாவா' என்ற புத்தகத்தில் ஜோஷுவா பிளாக், இதைப் பின்பற்றக் கூடாத உதாரணமாகவே காட்டுகிறார். ஆனாலும் ஜாவாவில் மாற்றவில்லை. காரணம், பழைய நடத்தையை நம்பி எழுதிய கோட் உடைந்துவிடும் என்ற பயம். ஆண்ட்ராய்டு மட்டும் தன் பதிப்பில் துணிந்து மாற்றியது. அங்கே ஹோஸ்ட் பெயர்களை மட்டுமே ஒப்பிடுகிறது.

எல் போய் ஐ வந்தது

2002-ல் வந்த ஜாவா 1.4 பதிப்பில், யூஆர்ஐ என்று இன்னொரு கிளாஸ் சேர்க்கப்பட்டது. ஒரே எழுத்துதான் வித்தியாசம், ஆனால் குணம் வேறு.

யூஆர்எல் கிளாஸ் முகவரியைப் படிக்கும், இணைப்பையும் ஏற்படுத்தும். யூஆர்ஐ கிளாஸ் முகவரியைப் படிப்பதோடு சரி. இணையத்தைத் தொடவே தொடாது. ஒப்பிடும்போது எழுத்துகளைத்தான் பார்க்கும். ஹோஸ்ட் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாது, பாத்தில் கண்டுகொள்ளும். இலக்கணப்படி அதுதான் சரி. அதே நேரம், 443 என்று போர்ட் எழுதிய முகவரியையும் எழுதாத முகவரியையும் அது வேறு வேறு என்றே சொல்லும். அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வித்தியாசம் கண்டிப்பு. பாத்துக்கு நடுவில் ஸ்பேஸ் இருந்தாலும் பழைய யூஆர்எல் கிளாஸ் 'பரவாயில்லை' என்று வாங்கிக்கொள்ளும். யூஆர்ஐ கிளாஸ் வாசலிலேயே பிழை காட்டித் திருப்பி அனுப்பும். எரிச்சலாக இருக்கலாம். ஆனால், தப்பான முகவரி உள்ளே போய்ப் பத்து இடத்தில் சுற்றிவிட்டு வெடிப்பதைவிட, வாசலில் நிற்பது நல்லதுதானே?

2018-ல் வந்த ஜாவா 11-ன் புதிய எச்டிடிபி கிளையன்ட், யூஆர்ஐ ஆப்ஜெக்ட்டைத்தான் கேட்கிறது. 2023 மார்ச்சில் வந்த ஜாவா 20, யூஆர்எல் ஆப்ஜெக்ட்டை நேரடியாக உருவாக்கும் வழிகளை 'இனி தவிர்க்கவும்' பட்டியலில் சேர்த்துவிட்டது. முதலில் யூஆர்ஐ ஆக்குங்கள், தேவைப்பட்டால் அதிலிருந்து யூஆர்எல் எடுங்கள் என்பதுதான் இன்றைய அறிவுரை.

இட்லி கேட்டா வடை ஏன் வரல?

முகவரியைப் படிப்பது ஒரு பாதி. உருவாக்குவது மறுபாதி.

உணவு ஆப் ஒன்றில் 'இட்லி & வடை' என்று தேடுகிறீர்கள். டெவலப்பர் அந்த வார்த்தையை அப்படியே முகவரியின் வாலில் ஒட்டிவிட்டார் என்றால் என்ன ஆகும்? கொயரி பகுதியில் & குறிக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. ஒரு விவரம் முடிந்து அடுத்தது ஆரம்பம் என்று அர்த்தம். ஆகவே, சர்வருக்குத் தேடல் 'இட்லி' என்று மட்டும் போய்ச் சேரும். வடை தனியாகக் கழன்றுவிடும்.

வடை போனால் பரவாயில்லை. மொபைல் எண் போனால்? +91 என்று தொடங்கும் எண்ணை அப்படியே ஒட்டினால், கொயரியில் + என்பது ஸ்பேஸாகப் படிக்கப்படலாம். எண்ணின் முன்னால் இருந்த + காணாமல் போய்விடும். ஓடிபி வராமல் நீங்கள் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்கும்போது, அதற்குப் பின்னால் இப்படி ஒரு சின்ன + கூடக் காரணமாக இருக்கலாம்.

இதற்குத்தான் என்கோடிங். சிறப்பு வேலையுள்ள குறிகளை % போட்ட எண்களாக மாற்றிவிடுவது. ஸ்பேஸ் என்றால் %20. ஜாவாவில் யூஆர்எல் என்கோடர் என்று ஒரு கிளாஸ் இருக்கிறது. பெயரை நம்பி முழு முகவரியையும் அதில் போடக் கூடாது. போட்டால் சாய்கோடுகளும் என்கோட் ஆகி முகவரியே முகவரி இல்லாமல் போய்விடும். அது உண்மையில் ஃபார்ம் விவரங்களுக்கானது. ஸ்பேஸை %20 ஆக்காமல் + ஆக்கும். கொயரியில் வரும் மதிப்புகளுக்கு அது சரி, பாத்துக்கு அது சரிப்படாது.

அடுத்த பொறி, இருமுறை என்கோட் செய்வது. ஏற்கெனவே %20 ஆக இருப்பதை மறுபடி என்கோட் செய்தால், % குறியே %25 ஆகிவிடும். முடிவில் %2520 என்று ஒரு வினோத ஜந்து முகவரியில் உட்கார்ந்திருக்கும். சில சைட்டுகளில் லிங்க் உடையும்போது இதைப் பார்த்திருப்பீர்கள். யூஆர்ஐ கிளாஸில் துண்டுகளைத் தனித்தனியாகக் கொடுத்து உருவாக்கும் வழியில் இந்த ஆபத்து உண்டு. அது % குறியைக் கண்டால் தானாகவே என்கோட் செய்யும், ஆனால் & குறியைத் தொடாது. ஸ்பிரிங் போன்ற ஃபிரேம்வொர்க்குகளில் இந்த ஒட்டு வேலைக்கென்றே பில்டர் கிளாஸ்கள் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட்டின் யூஆர்எல் ஆப்ஜெக்ட்டிலும், பைத்தானின் முகவரி நூலகத்திலும் கொயரியை உருவாக்கத் தனி வசதி இருக்கிறது. மொழி எதுவானாலும் விதி ஒன்றுதான்: ஒவ்வொரு துண்டையும் அந்தந்தத் துண்டுக்குரிய முறையில், ஒரே ஒருமுறை என்கோட் செய்யணும்.

தமிழ் லிங்க் ஏன் ரயில் மாதிரி நீளுது?

தமிழ் விக்கிப்பீடியா கட்டுரை ஒன்றை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால், தலைப்பு காணாமல் போய் % குறிகளாக ஒரு ரயில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் என்கோடிங்தான்.

யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் % சேர்த்து 3 எழுத்தாக மாறும். ஆக, ஒரு குறிக்கு 9 எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லில் நாம் எண்ணுவது மூன்று எழுத்து. கணினிக்கு அது ஐந்து குறி: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஐந்தை ஒன்பதால் பெருக்கினால் 45. 'தமிழ்' என்று எழுத 45 எழுத்து!

ஹோஸ்ட் பெயரில் தமிழ் வந்தால் கதை வேறு. அங்கே % முறை இல்லை. 2003-ல் வரையறுக்கப்பட்ட பியூனிகோட் என்ற முறையில், தமிழ்ப் பெயர் 'எக்ஸ்என்--' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாறும். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடியும் முகவரிகள் இன்று அதிகாரபூர்வமாக உண்டு. உள்ளே அவை எல்லாம் பியூனிகோடில்தான் பயணிக்கின்றன.

இங்கேதான் ஜாவா தமிழுக்கு ஒரு சோதனை வைக்கிறது. தமிழ் ஹோஸ்ட் உள்ள முகவரியை யூஆர்ஐ ஆப்ஜெக்ட் ஆக்கி, ஹோஸ்ட் எது என்று கேட்டால், பிழையும் காட்டாது, பெயரும் சொல்லாது. 'நல்' என்று வெறுங்கையை விரிக்கும். அந்த கிளாஸ் எழுதப்பட்ட இலக்கணத்தில், ஹோஸ்ட் பெயர் என்றால் ஆங்கில எழுத்து, எண், புள்ளி, சிறுகோடு மட்டும்தான். ஜாவா 6-ல் வந்த ஐடிஎன் என்ற கிளாஸ் வழியாகப் பெயரை முதலில் பியூனிகோடாக மாற்றிவிட்டு, பிறகு கொடுத்தால் ஒழுங்காகப் பதில் வரும். தமிழ் முகவரியை ஏற்றுக்கொள்ளும் ஆப் எழுதுகிறீர்கள் என்றால் இந்த ஒரு படியை மறந்துவிடாதீர்கள்.

பல மொழி வசதியோடு புது ஆபத்தும் வந்தது. 2017 ஏப்ரலில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், ரஷ்ய மொழிக்குரிய சிரிலிக் எழுத்துகளை மட்டும் வைத்து, பார்வைக்கு ஆப்பிள் நிறுவனத்தின் முகவரி போலவே ஒன்றைப் பதிவுசெய்து காட்டினார். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் அது அசல் மாதிரியே தெரிந்தது. அதன் பிறகு குரோம் விதியைக் கடுமையாக்கி, அப்படிப்பட்ட பெயர்களை 'எக்ஸ்என்--' வடிவத்திலேயே காட்டத் தொடங்கியது. தமிழிலும் இதற்கு இடமிருக்கிறது. 'எ' என்ற எழுத்தும் தமிழ் எண் '௭'-ம் பல எழுத்துருக்களில் இரட்டைப் பிறவிகள். 'உ', '௨' ஜோடியும் அப்படித்தான். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.

இரண்டு பேர் வேறு வேறு மாதிரி படித்தால்?

இப்போது கடைசி ஆபத்து. நீங்கள் ஆப்ஜெக்ட்டைத்தான் பயன்படுத்துகிறீர்கள். ஆனால், முகவரியைச் சோதிப்பது ஒரு நூலகம், இணைப்பை ஏற்படுத்துவது வேறொரு நூலகம். இருவருக்கும் இலக்கணம் வேறு.

இது கற்பனை இல்லை. ஜாவாவின் யூஆர்ஐ கிளாஸ் 1998-ல் வந்த ஆர்எஃப்சி 2396 விதிகளை அடிப்படையாகக் கொண்டது. 2005-ன் புதிய விதிகள் வேறு. பிரவுசர்கள் பின்பற்றும் வாட்விஜி தரம் இன்னொன்று. 2017-ல் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹேட் மாநாட்டில், தைவானைச் சேர்ந்த ஆரஞ்ச் சாய் என்ற ஆய்வாளர் இதைத்தான் காட்டினார். பிரபலமான மொழிகளின் நூலகங்கள், சிக்கலான ஒரே முகவரியில் வேறு வேறு ஹோஸ்ட்டைக் கண்டுபிடித்தன. சோதிப்பவர் 'நல்ல சைட்' என்று சொல்கிறார், இணைப்பவர் கெட்ட இடத்துக்குப் போகிறார்.

சர்வரே ஏமாந்துபோய், வெளியாள் சொன்ன முகவரியைத் திறக்கும் இந்த வகைத் தாக்குதலுக்கு எஸ்எஸ்ஆர்எஃப் என்று பெயர். 2019-ல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் நடந்த டேட்டா திருட்டு இந்த வகையைச் சேர்ந்தது. அங்கே வாசிப்பு முரண்பாடு காரணமல்ல. தவறாக அமைக்கப்பட்ட ஒரு பாதுகாப்பு அடுக்கின் வழியாக, கிளவுட் சர்வர்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ள வேண்டிய 169.254.169.254 என்ற உள்முகவரியை அணுக முடிந்தது. அமெரிக்காவில் சுமார் 10 கோடி பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள் இதில் சிக்கின. எந்த முகவரியைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்ற கேள்விக்கு இவ்வளவு விலை இருக்கிறது.

சரி, நாம என்ன பண்ணணும்?

கோட் எழுதுபவர்களுக்கு:

• முகவரியை ஸ்ட்ரிங்காகச் சோதிக்காதீர்கள். யூஆர்ஐ ஆப்ஜெக்ட் ஆக்கி, ஸ்கீமையும் ஹோஸ்ட்டையும் தனித்தனியாக எடுத்து, அனுமதித்த பட்டியலுடன் முழுதாக ஒப்பிடுங்கள்.

• ஹோஸ்ட் 'நல்' என்று வந்தால் 'பரவாயில்லை' என்று விடாதீர்கள். மறுத்துவிடுங்கள்.

• பயனர் பெயர் துண்டு, அதாவது @ உள்ள முகவரிகளைத் தேவையில்லாமல் ஏற்காதீர்கள்.

• யூஆர்எல் ஆப்ஜெக்ட்களை செட், மேப் எதிலும் சாவியாக வைக்காதீர்கள்.

• சோதித்த ஆப்ஜெக்ட்டையே இணைப்புக்கும் பயன்படுத்துங்கள். மறுபடி ஸ்ட்ரிங்காக்கி வேறொருவரிடம் படிக்கக் கொடுக்காதீர்கள்.

கோட் எழுதாதவர்களுக்கு, இதே வேலையைக் கண்ணால் செய்ய நான்கு படி போதும்:

• இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு ஆரம்பியுங்கள். அடுத்து வரும் முதல் /, ? அல்லது # குறியில் நிறுத்துங்கள். அதற்குப் பின்னால் உள்ளதை மறந்துவிடுங்கள்.

• எடுத்த துண்டில் @ இருந்தால், அதற்கு முன்னால் உள்ளதையும் மறந்துவிடுங்கள். வங்கி லிங்க்கில் @ இருந்தாலே சந்தேகப்படலாம்.

• மிச்சமிருப்பதன் கடைசியில் : போட்டு எண் இருந்தால் அதையும் விடுங்கள்.

• இப்போது வலமிருந்து இடமாகப் படியுங்கள். கடைசி இரண்டு, மூன்று சொற்களில்தான் உரிமையாளர் யார் என்பது இருக்கிறது. இடது ஓரத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம்.

எச்டிடிபிஎஸ் இருக்கிறது, பூட்டு ஐகான் இருக்கிறது என்பதெல்லாம் நீங்கள் பேசுவதை நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கான உத்தரவாதம் மட்டுமே. எதிர்முனையில் இருப்பவர் நல்லவரா என்று அது சொல்லாது. அதை ஹோஸ்ட் பெயரைப் படித்து நீங்கள்தான் முடிவு செய்யணும். சந்தேகம் இருந்தால் லிங்க்கைத் தட்டாமல், வங்கியின் ஆப்பை நேரடியாகத் திறந்து பாருங்கள். அதற்குள் பணம் போயிருந்தால், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அவ்வளவு நல்லது.